சாவணத்தில் இருந்த இரும்பு

பிள்ளை,

நேற்று யூட்டுக்குக் கலியாணம் முடிந்தது. நானும் அப்பாவும் எழுவைதீவுக்குப் போய், வேதக்கோயிலில் கடைசிவரை இருந்து, சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தோம். வேறு யாராவது படம் பிடித்து அனுப்பி நீ அறிவதற்கு முன்னால் நானே உனக்குச் சொல்லவேண்டும் என்று, விடிந்ததும் இதை எழுதத் தொடங்கினேன். தொலைபேசியில் சொல்லியிருக்கலாம். ஆனால் நீ "ஓம் அம்மா, சரி அம்மா" என்பாய், நான் "சாப்பிட்டியோ?" என்பேன்; அதோடு வைத்துவிடுவோம். அந்த நாளிலிருந்து நாங்கள் அப்படித்தானே கதைத்துக்கொண்டிருக்கிறோம்.

இதில் பாதி உனக்குத் தெரிந்த கதைதான். பொறுமையாக வாசி. உன் பக்கத்தில் நடந்தது உனக்குத் தெரியும். புளியங்கூடலில் இந்த வீட்டுக்குள் அது எப்படி வந்து விழுந்தது என்று நீ கேட்டதுமில்லை, நான் சொன்னதுமில்லை.

யூட் முதன்முதலில் இந்தப் படலையைத் திறந்துகொண்டு வந்தபோது நீங்கள் இரண்டு பேரும் யாழ்ப்பாணத்தில் கம்பஸ் கடைசி வருடம். கையில் ஒரு பை நிறைய மீன். தாய் கொடுத்துவிட்டது. அன்றைக்கு வெள்ளிக்கிழமை என்பது வாசலில் என் நெற்றித் திருநீற்றைப் பார்த்த பிறகுதான் அந்தப் பிள்ளைக்கு ஞாபகம் வந்தது. பையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு அவன் நின்ற நிலையை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. அப்பாதான் போய்ப் பையை வாங்கினார். "நாளைக்குச் சமைப்பம் தம்பி. பாரை நல்லாயிருக்கு" என்றார். அந்த ஒரு வசனத்தில் எல்லாவற்றையும் தீர்மானித்துவிட்டார் என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது. நீங்கள் விரும்புகிற செய்தி ஊருக்குள் பரவியதும் பெரியப்பா கொழும்பிலிருந்து தொலைபேசி எடுத்து, "உவை என்ன ஆக்கள்?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு எங்கள் ஊரில் என்ன அர்த்தம் என்று உனக்குச் சொல்லத் தேவையில்லை. அப்பா குரலை உயர்த்தவில்லை. "எழுவைதீவில வள்ளம் வைச்சிருக்கிற ஆக்கள். கோயிலுக்குப் போற ஆக்கள். தகப்பன் இல்லை, தாய் வளத்த பிள்ளை. இன்னும் என்ன தெரியவேணும் அண்ணை?" என்றார். பெரியப்பா இன்றுவரை திரும்ப எடுக்கவில்லை. அதற்காக அப்பா ஒருநாளும் கவலைப்பட்டு நான் காணவில்லை. சமயம் வேறு, சாதி வேறு என்று முறிந்துபோயிருக்கவேண்டிய கலியாணம் அது. அதற்கெல்லாம் நாங்கள் அணை போட்டு வைத்திருந்தோம். கண்ணுக்குத் தெரியாத இரும்புத் தூசுக்கு அணை போடவேண்டும் என்று யாருக்குத் தெரியும்?

நீங்கள் இருவரும் புலமைப்பரிசில் கிடைத்து ஒரே நாட்டுக்குப் போய், ஒரே பேராசிரியரிடம் சேர்ந்து, நிச்சயம் பேசிய பிறகு ஒரு விடுமுறைக்கு வந்து நின்றீர்களே, அந்த நாட்களை நான் அடிக்கடி நினைக்கிறேன். குசினியில் யூட் துருவலையில் இருந்து தேங்காய் துருவுகிறான். நீ வெங்காயம் உரிக்கிறாய். காலமெல்லாம் விஞ்ஞானம் படிப்பித்தவள் என்ற பெருமையில் நான் கேட்டேன், "உங்கட எக்ஸ்ரேயும் ஆசுபத்திரி எக்ஸ்ரேயும் ஒண்டோ?"

"கதிர் ஒண்டுதான் அம்மா. ஆனா அது மெழுகுதிரி எண்டா இது வெயில்" என்றாய். ஊர் அளவு பெரிய வளையம் ஒன்றுக்குள் இலத்திரன்களைக் கிட்டத்தட்ட ஒளியின் வேகத்தில் சுற்ற விடுவார்கள், வளைவுகளில் திரும்பும்போது அவை எக்ஸ் கதிரைச் சிந்தும், அந்த இடத்துக்குப் பெயர் சிங்க்ரோட்ரோன் என்று விளக்கினாய். அதற்கும் காந்தத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். நீ வெங்காயத்தை வைத்துவிட்டுச் சொன்னதை நான் அப்படியே வைத்திருக்கிறேன். "வகுப்பில ஆரோ விசிலடிக்கினம் அம்மா. சத்தம் கேக்குது, ஆர் எண்டு தெரியேல்லை. சாதாரண கருவி சத்தம் இருக்கு எண்டு மட்டும்தான் சொல்லும். நாங்கள் ஒவ்வொரு மூலகமா எழுப்பிக் கேக்கிறம். இரும்புக்கு ஒரு சக்தி, கோபாற்றுக்கு வேற சக்தி. அந்தந்தச் சக்தியில கதிரை அனுப்பி, ஒருக்கா வலப்பக்கம் முறுக்கி, ஒருக்கா இடப்பக்கம் முறுக்கிப் பாக்கிறது. ரெண்டையும் ஒரே அளவா உறிஞ்சினா அவர் நல்ல பிள்ளை. வித்தியாசம் இருந்தா காந்தம் அவரிட்டத்தான் இருக்கு."

யூட் சிரித்தான். "இவ எழுப்பிக் கேட்டா ஒருத்தரும் பொய் சொல்லேலாது அன்ரி."

அவனுடைய வேலையையும் அன்றைக்குத்தான் விளங்கிக்கொண்டேன். நாக ஒட்சைட்டு, நீங்கள் சிங்க் ஒக்சைட் என்கிறது, வெயிலுக்குப் பூசுகிற களிம்பில் இருக்கிற அந்த வெள்ளைப் பொருள். அதை மெல்லிய படலமாக வளர்த்து, உள்ளே கொஞ்சம் கோபாற்று உலோகம் சேர்த்து, கண்ணாடி மாதிரி ஒளி ஊடுருவுகிற காந்தம் ஒன்றைச் செய்திருந்தான். சாதாரண அறைச் சூட்டிலும் அது காந்தமாகவே நின்றது. பேராசிரியருக்குச் சந்தோசம். அவன் ஆய்வு முழுவதும் அதன் மேல்தான் கட்டியிருந்தது. கட்டுரை எழுதி அனுப்பியாயிற்று. மிஞ்சியிருந்தது ஒன்றுதான்: அந்தக் காந்தம் கோபாற்றிடம்தான் இருக்கிறது என்று உன் கதிர் சொல்லவேண்டும். படலத் துண்டுகளை அவனே பெட்டியில் அடுக்கி உன் கையில் தந்து, "நல்லா வடிவாப் பாரும்" என்று சொல்லி அனுப்பினானாம். நீ சொன்னாய்.

அளந்து முடித்து நீ தொலைபேசி எடுத்தபோது இங்கே விடிந்திருந்தது. நான் முற்றம் கூட்டிக்கொண்டு நின்றேன். அந்த இயந்திரத்தில் உங்களுக்குக் கிடைக்கிற சில நாட்களுக்குள் வேலையை முடிக்கவேண்டும், அந்த நாட்களில் நீ எடுக்கமாட்டாய் என்று எனக்குத் தெரியும். அதனால் தும்புத்தடியைப் போட்டுவிட்டு ஓடிவந்தேன்.

"அம்மா, யூட்டின்ர காந்தம் அவர் செய்ததில இல்லை."

"பிழையா அளந்திருப்பாய். திரும்பப் பார்."

"திரும்பத் திரும்பப் பாத்திட்டன். கோபாற்று வாயே திறக்கேல்லை. நாகமும் இல்லை."

"அப்ப ஆர்?"

"இரும்பு."

"அவன் அதுக்குள்ள இரும்பு போட்டவனோ?"

"இல்லை அம்மா. துண்டு முழுக்க இல்லை. ஓரத்தில மட்டும்தான் இருக்கு. சாவணத்தால பிடிச்சுத் தூக்கின இடங்களில."

பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில் நான் நாள்தோறும் கையில் எடுத்த சாமான், சாவணம். உருக்கால் செய்த சின்னக் கவ்வி. அதன் நுனி உரசி ஒட்டிய தூசு, கண்ணால் காண ஏலாத அளவு, அவ்வளவுதான் அந்தக் காந்தம். வேறு நாடுகளில் கெட்டிக்கார ஆக்களும் இப்படி ஏமாந்திருக்கிறார்கள் என்று நீ சொன்னாய். அதைச் சொல்லும்போது உன் குரலில் அழுகை இல்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

"இப்ப என்ன செய்யப் போறாய்?" என்று கேட்டேன்.

"முதல் அவருக்குத்தான் சொல்லுவன்" என்றாய்.

அதன் பிறகு நடந்ததை ஒரு கிழமை கழித்துச் சொன்னாய். அவன் வந்து உன் வரைபடத்தைப் பார்த்தானாம். தொடாமல் வைத்திருந்த இன்னொரு துண்டை, பிளாஸ்ரிக் சாவணத்தால் எடுத்து வைத்துப் பார்க்கச் சொன்னானாம். அந்தத் துண்டில் காந்தமே இல்லை. "நன்றி" என்றானாம். "தெரியாத ஆளுக்குச் சொல்லுற மாதிரி நன்றி எண்டவர் அம்மா" என்று சொல்லும்போதுதான் நீ உடைந்தாய். அவன் உன்னிடம் இதை மறை என்று கேட்கவில்லை. அடுத்த நாள் தானே பேராசிரியரிடம் போய்ச் சொன்னான். அனுப்பிய கட்டுரையைத் தானே திருப்பி எடுத்தான். புலமைப்பரிசில் முடிகிற நேரம். புதிதாகத் தொடங்க அவனுக்குக் காலம் தர யாருமில்லை. நீ குற்றம் செய்யவில்லை. அவனும் செய்யவில்லை. யார் மீதாவது கோபப்பட முடிந்திருந்தால் எனக்கு நித்திரையாவது வந்திருக்கும்.

கலியாணத்தைக் கொஞ்சம் தள்ளிவைப்போம் என்றான். பிறகு வேண்டாம் என்றான். அதை உனக்குச் சொன்ன அன்றே அப்பாவுக்கும் ஒரு செய்தி அனுப்பியிருந்தான்: "அங்கிள், என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ. அவவில ஒரு பிழையும் இல்லை." அப்பா அதை வாசித்து, கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, மாட்டை மாற்றிக் கட்டப் போனார். அதை அப்போதுதான் மாற்றிக் கட்டிவிட்டு வந்திருந்தார்.

அவன் ஊருக்குத் திரும்பிவிட்டான் என்று கேள்விப்பட்டு, நான் ஒருநாள் எழுவைதீவுக்குப் போனேன். இதுதான் நான் உனக்குச் சொல்லாதது. எனக்குச் சம்பந்தியாக வர இருந்த மனுசியின் முகத்தைப் பார்க்காமல் இருப்பது முறையில்லை என்று பட்டது. ஊர்காவற்துறையில் படகு ஏறினேன். அப்பா துறை வரை வந்து, படகு வெளிக்கிடும்வரை நின்றார்; தான் வருகிறேன் என்று சொல்லவில்லை. யூட்டின் தாய் வளவில் கருவாடு புரட்டிக்கொண்டிருந்தா. என்னைக் கண்டதும் கையைக் கழுவி, கதிரையைத் துடைத்துப் போட்டா. அழவில்லை. உள் அறைக் கதவுச் சீலை அசைந்தது. அவன் உள்ளே இருக்கிறான் என்று விளங்கியது.

"ரீச்சர், நான் படிக்காதனான்" என்றா. "எனக்கு விளங்கிற மாதிரிச் சொல்லுங்கோ. இவன் அங்க களவெடுத்தவனோ?"

"இல்லை அக்கா."

"பொய் சொன்னவனோ?"

"இல்லை."

"அப்ப ஏன் வந்த நாள் துவக்கம் சுவரைப் பாத்துக்கொண்டு இருக்கிறான்? பூசைக்கும் வாறான் இல்லை."

"அவன் செய்த சாமானில ஒரு தூசு பட்டிட்டுது அக்கா. ஒருத்தருக்கும் அது தெரியேல்லை. என்ர பிள்ளைதான் கண்டவ."

"தூசு எண்டா கழுவிப்போட்டுத் திரும்பச் செய்யலாம்தானே?"

"செய்யலாம். ஆனா கழுவினா பிறகு அங்க ஒண்டும் இல்லை."

அவ எழும்பிப் போய்க் கருவாட்டைக் காகத்துக்கு மூடிவிட்டு வந்தா. பிறகு, "பாவம், உங்கட பிள்ளை" என்றா. தன் பிள்ளையை அல்ல, உன்னை. "அதை ஆர் காணவேணுமோ, அந்த ஆளே கண்டிருக்கு. வேற ஆர் கண்டிருந்தாலும் இவனுக்கு வந்து அழ ஒரு மடி இருந்திருக்கும்." அவ எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பா.

திரும்பும்போது யூட் என்னோடு துறை வரை நடந்து வந்தான். மெலிந்திருந்தான். பாதி வழியில் நான்தான் கேட்டேன், "அவளில கோவமோ மோனே?"

"கோவம் எண்டா லேசு அன்ரி. அவ செய்தது சரி. அவ செய்யாட்டி நான் செய்திருக்கவேணும்."

"அப்ப ஏன்?"

"சரி எண்டு தெரியிறது ஒண்டு. ஒவ்வொரு நாளும் ஒரே மேசையில இருந்து சாப்பிடுறது வேற ஒண்டு. அவ என்னைப் பாக்கேக்கயெல்லாம் அவவின்ர கண்ணில பாவம் தெரியுது. மறைக்கப் பாக்கிறா, அதுவும் தெரியுது. அவவும் என்னோட சேந்து காலம் முழுக்க வாயைப் பொத்திக்கொண்டு இருக்கப் போறா. எனக்கு அது வேண்டாம்."

படகுக்காரர் கூப்பிட்டார். நான் அவன் தலையில் கையை வைத்தேன். வேறு என்ன செய்ய? ஏதாவது சொல்லி அவன் மனதை மாற்றியிருக்கலாமோ என்று வழியெல்லாம் யோசித்தேன். சொல்லுவதற்கு ஒன்றும் இருக்கவில்லை, பிள்ளை. அவன் சொன்னதில் பொய் இல்லை.

சித்திரையில் நீ வந்து நின்றாய். அவன் பெயரை நீ எடுக்கவில்லை, நாங்களும் எடுக்கவில்லை. உனக்குப் பிடிக்கும் என்று ஒடியல் கூழ் காய்ச்சினேன். குடித்தாய், நல்லாயிருக்கு என்றாய், எங்கோ பார்த்துக்கொண்டிருந்தாய். போவதற்கு முதல்நாள் கிணற்றடியில் நான் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருக்கும்போது வந்து நின்று சொன்னாய், "அம்மா, வேலையை விடப் போறன். கொழும்பில ஏதும் பாக்கலாம்." ஏன் என்று கேட்டதற்கு, "நான் பாத்தா இருக்கிறதும் இல்லாமப் போகுது" என்றாய். நான் சீலையைப் பிழிந்துகொண்டே இருந்தேன். அதற்கு மறுமொழியை மாதக்கணக்காக யோசித்த பிறகு இப்போது எழுதுகிறேன்.

நீ பார்த்ததால் எதுவும் இல்லாமற் போகவில்லை. அது அங்கே இருக்கவேயில்லை. நீ வாயை மூடியிருந்தால் யூட்டின் கட்டுரையை நம்பி எங்கெங்கோ இருக்கிற பிள்ளைகள், எங்களைப் போல வீடு வாசலை விட்டுப் போன பிள்ளைகள், தங்கள் வருடங்களை அதில் கொட்டியிருப்பார்கள். என்றைக்கோ ஒருநாள் அது உடைந்திருக்கும். அப்போது யூட்டை எல்லாரும் பொய்யன் என்றிருப்பார்கள். இன்றைக்கு அப்படி ஒருத்தரும் சொல்ல ஏலாது. அதை நீதான் அவனுக்குக் காப்பாற்றிக் கொடுத்தாய். ஆனால் இதைச் சொல்லி உன் மனதை ஆற்றலாம் என்று நான் நினைக்கவில்லை. சரியானதைச் செய்தால் மனம் நிம்மதியாக இருக்கும் என்று எத்தனையோ வகுப்புப் பிள்ளைகளுக்குப் படிப்பித்திருக்கிறேன். அது அப்படி இல்லை. சரியானதைச் செய்த பிறகும் மனம் கிடந்து நோகும். நோவதால் அது பிழை என்று ஆகிவிடாது. இந்த இரண்டையும் சேர்த்து வைத்துக்கொண்டுதான் மனிதர் சீவிக்கிறார்கள். வேலையை விடவேண்டும் என்றால், அந்த வேலை பிடிக்கவில்லை என்று விடு. உனக்கு நீயே தண்டனை கொடுப்பதற்காக விடாதே.

இனி நேற்றைய நாள். யூட் மன்னாரில் ஒரு பள்ளிக்கூடத்தில் பௌதிகவியல் படிப்பிக்கிறான். அவனோடு அங்கே தமிழ் படிப்பிக்கிற பிள்ளைதான் பெண். யூட்டின் தாய் படகிலும் பஸ்ஸிலுமாக இங்கே வந்து, அழைப்பிதழை அப்பாவின் கையில் தந்து, "நீங்கள் வராட்டி எனக்கு அது குறைதான்" என்று சொல்லிவிட்டுப் போனா. அப்பா அன்றே வேட்டியைத் தோய்த்துப் போட்டார். அன்பளிப்பு உறையில் பெயர் எழுதும்போது எட்டிப் பார்த்தேன். எங்கள் மூன்று பேரின் பெயரையும் எழுதியிருந்தார்.

கோயிலில் பின்வரிசை வாங்கில் இருந்தோம். அவர்கள் கையைப் பிடித்து வாக்குக் கொடுக்கும்போது என்னால் தாங்க ஏலவில்லை. அந்த இடத்தில் உன்னை வைத்துப் பார்த்துப் பழகிய கண் இது, சொன்னால் கேட்கிறதில்லை. அப்பா என் பக்கம் திரும்பாமல் தன் சால்வையை எடுத்து என் மடியில் வைத்தார். சாப்பாட்டுப் பந்தலில் பெண்ணும் மாப்பிள்ளையும் எங்களிடம் வந்தார்கள். அந்தப் பிள்ளைக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. "அன்ரி, நீங்கள் வந்தது எனக்குப் பெரிய ஆறுதல்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். நல்ல பிள்ளை. அவளைப் பிடிக்காமல் போய்விடும் என்று நினைத்துப் போனேன். அதற்கும் வழியில்லாமல் போய்விட்டது.

பெண்ணை யாரோ கூப்பிட, யூட் மட்டும் நின்றான். "அவ எப்பிடி இருக்கிறா?" என்றான்.

"வேலையை விடப் போறனெண்டு சொன்னவள்."

அவன் முகம் மாறியது. "விட்டிட்டாவோ?"

"இன்னும் இல்லை."

"விட வேண்டாமெண்டு சொல்லுங்கோ அன்ரி. நான் விட்டிட்டன். அவவும் விட்டா, பிறகு இதெல்லாம் எதுக்கு நடந்தது?" அதைச் சொல்லிவிட்டு, மாலையைச் சரிசெய்கிற மாதிரிக் குனிந்து கண்ணைத் துடைத்தான். பிறகு விருந்தாளிகளிடம் போனான். இதைச் சொல்லும்படி அவன் கேட்டான், சொல்லிவிட்டேன். இனி அவனிடமிருந்து உனக்குச் செய்தி வராது. நீயும் எதிர்பாராதே. அவன் வேறு ஒரு வீட்டுப் பிள்ளையின் புருசன்.

திரும்பி வரும் படகில் அப்பா, கரை தெரிந்த பிறகு, "இஞ்சரும், பிள்ளைக்கு இப்ப அங்க என்ன நேரம்?" என்று கேட்டார். சொன்னேன். "வேலையில நிப்பாள். எடுக்க வேண்டாம்" என்றார். வீட்டுக்கு வந்து வேட்டியை மடித்து அலுமாரிக்குள் வைத்தார். உனக்கென்று வாங்கி வைத்த கலியாணச் சீலையும் அந்த அலுமாரியில்தான் இருக்கிறது. அதை மேல்தட்டுக்கு மாற்றி வைத்தார்.

உனக்கு எப்போது வர ஏலுமோ அப்போது வா. வந்து அழவேண்டும் என்றால் அழு, நித்திரை கொள்ளவேண்டும் என்றால் கொள். நாங்கள் ஒன்றும் கேட்கமாட்டோம். ஆனால் வருகிற நாளை அப்பாவுக்கு முன்கூட்டிச் சொல்லாதே. போன முறை நீ சொன்ன நாளன்று, விடிந்ததிலிருந்து அவர் ஒவ்வொரு பஸ்ஸுக்கும் போய்ச் சந்தியில் நின்றார். உன்னுடைய பஸ் வந்தபோது தற்செயலாக அந்தப் பக்கம் வந்ததாகச் சொல்லி உன் பெட்டியை வாங்கினாரே, அது பொய்.

அம்மா